ஐந்து நாளை யாருக்குப் பங்கு வைப்பது?

கேள்வி: ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஆறு மாதமாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சுமார் நானூறு பேர் வேலை செய்கிறார்கள், அதில் முக்கால்வாசி பெண்கள். அடுத்த வருடத்துப் பண்டிகை விடுமுறைப் பட்டியலை நான்தான் தயாரிக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் கிடையாது என்கிறார் முதலாளி. அதிகம் பேர் கொண்டாடுகிற பண்டிகைகளுக்கே ஐந்தையும் கொடுத்துவிடு என்கிறார் மேலாளர். மதத்துக்கு ஒன்றாகப் பிரி என்கிறது சங்கம். போன ஆயுத பூஜையில் பொரி வாங்காத இரண்டு பெண்களை யாரோ ஏதோ சொல்லிவிட, ஒரு வாரம் அந்த லைனில் யாரும் யாரோடும் பேசவில்லை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் தங்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போகவேண்டும் என்கிறார்கள். நான் கோயம்புத்தூர்க்காரி. இந்த ஊர்த் திருவிழாக்களில் பாதி எனக்குப் பெயர்கூடத் தெரியாது. யார் மனதும் நோகாமல் எப்படிப் பட்டியல் போடுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கேள்வியை வருடா வருடம் நவம்பரில் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் இடையில் தோல், காலணித் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன் நான். முதல் இரண்டு வருடம் உங்களைப் போலவே நாளை எண்ணிப் பங்கு வைத்தேன். இரண்டு வருடமும் சண்டைதான் மிஞ்சியது. அதனால் பட்டியலுக்கு முன்னால் வேறு சிலது பேசுவோம்.

முதலில் சட்டம், ஏனென்றால் முதலாளி சொன்ன 'ஐந்து' அங்கிருந்துதான் வருகிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லாருக்கும் சம்பளத்தோடு விடுமுறை. அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாள். எந்த ஐந்து என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்துபேசித்தான் அரசு ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. இதில் இரண்டு விஷயத்தை முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஐந்து என்பது குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இரண்டாவது, கலந்துபேசாமல் அலுவலக அறையில் உட்கார்ந்து போடுகிற பட்டியல் சட்டம் சொல்கிற பட்டியலே அல்ல.

இப்போது மேலாளரும் சங்கமும் சொல்வதைப் பாருங்கள். இரண்டு பேருமே பண்டிகை என்றால் ஒரு நாள் லீவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில் ஒவ்வொரு பண்டிகைக்கும் வேண்டியது வேறு வேறு. ஒன்றுக்கு ஒரு முழு நாள் வேண்டும், ஒன்றுக்கு மூன்று மணி நேரம் போதும், இன்னொன்றுக்கு ஒரு மாதம் முழுக்கச் சாயங்காலம் அரை மணி நேரம். சிலதுக்கு லீவே வேண்டாம், கையில் முன்கூட்டியே பணம் வேண்டும். 'உங்களுக்கு எந்த நாள் லீவு வேண்டும்' என்று கேட்டால் எல்லாரும் போட்டிக்கு நிற்பார்கள். 'அந்தச் சமயத்தில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

ரம்ஜானையே எடுத்துக்கொள்வோம். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேல்விஷாரத்திலிருந்து உங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பெருநாள் அன்று ஒரு நாள் லீவு விட்டதோடு நம் கடமை முடிந்தது என்று நானும் நினைத்தேன். ஒரு வருடம் ஸ்டிச்சிங் லைனில் ஒரு அம்மா சொன்னார்: "பெருநாளுக்கு நீங்க லீவு குடுக்கலைன்னாலும் நாங்க எடுத்துக்குவோம் சார். அந்த முப்பது நாளு சாயந்திரம்தான் எங்களுக்குப் பெரிய பாடு." சஹருக்கு விடியற்காலை எழுந்து சமைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் காலணியின் மேல்பாகமான அப்பர் தைத்து, ஆறு மணிக்கு பஸ் ஏறினால் நோன்பு திறக்கிற நேரம் நடு ரோட்டில் வந்துவிடுகிறது. கைப்பையில் இரண்டு பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர் பாட்டில். வீட்டில் பிள்ளைகள் பள்ளிவாசலில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சியை வைத்துக்கொண்டு அம்மா வருவாளா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்கு நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். நோன்பு வைக்கிறவர்கள் விரும்பினால் காலையில் அரை மணி முன்னால் வந்து, சாயங்காலம் அரை மணி முன்னால் கிளம்பலாம். மதிய இடைவேளையை எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கழிக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் காட்டிய வழி. நோன்பாளிக்குச் சாப்பாடு வேண்டாமே தவிர, உட்கார இடமும் தொழ இடமும் வேண்டும். மதியத்துக்குப் பிறகு அவர்களை லாஸ்டிங் (அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்துகிற வேலை), பசை ஒட்டுகிற இடங்களிலிருந்து மாற்றி உட்கார்ந்து பார்க்கிற வேலையில் வையுங்கள். வெறும் வயிற்றில் அந்தப் பசை வாடையில் நிற்பது எவ்வளவு கொடுமை என்று ஒரு நாள் அங்கே நின்று பார்த்தால் தெரியும்.

பெருநாள் தேதி இன்னொரு தலைவலி. பிறை தெரிந்து தலைமை காஜி அறிவித்த பிறகுதான் உறுதியாகும். என் ஆரம்ப காலத்தில் நாள்காட்டியில் அச்சிட்டிருந்த தேதியை நம்பி நோட்டீஸ் ஒட்டிவிட்டோம். பிறை ஒரு நாள் தள்ளிப் போயிற்று. பெருநாளன்று காலை எங்கள் பஸ் வழக்கம்போல மேல்விஷாரம் நிறுத்தத்தில் போய் நின்று ஹாரன் அடித்திருக்கிறது. புதுத் துணி உடுத்தித் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அதைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பஸ் காலியாகத் திரும்பி வந்தது, அன்று லைன் ஓடவில்லை. மேலாளர் வராதவர்களைத் திட்டினார். தப்பு எங்களுடையது. அடுத்த வருடத்திலிருந்து பட்டியலில் இரண்டு தேதி போட்டு, 'பிறையைப் பொறுத்து இதில் ஒரு நாள்' என்று எழுதினோம். முதல் நாள் இரவு அறிவிப்பு வந்ததும் சூப்பர்வைசர் எல்லாருக்கும் செய்தி சொல்லிவிட வேண்டும். உங்கள் காலத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது, இன்னும் சுலபம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இஸ்லாமிய வருடம் நம் வருடத்தைவிடச் சுமார் 11 நாள் சின்னது. ரம்ஜான் பெருநாள் 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31 என்று முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2025-ல் மார்ச் 30 யுகாதி, மறுநாளே ரம்ஜான். உங்கள் லைனில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் கட்டாயம் இருக்கும், அவர்களுக்கு யுகாதி பெரிய நாள். 2005-ல் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தது நினைவிருக்கிறது. 2030-ல் ஜனவரி முதல் வாரத்தில் நோன்பு தொடங்கும், பொங்கல் நோன்புக்குள் வரும். அதாவது உங்கள் பட்டியலைப் போன வருடத்துக் காகிதத்தைப் பார்த்து நகல் எடுக்க முடியாது. ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாக உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

கிறிஸ்தவர்கள் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸ் நாள் லீவு சரி. ஆனால் 24-ம் தேதி ராத்திரி ஆராதனை, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை இரண்டும் அவர்களுக்கு அதே அளவு முக்கியம். அந்த இரண்டு நாளும் ஓவர்டைம் போடாதீர்கள். புனித வெள்ளியன்று பகல் 12-லிருந்து 3 வரை கோயிலில் இருப்பார்கள். அரை நாள் அனுமதி போதும், முழு நாளைப் பிடிவாதமாகக் கேட்கிறவர்கள் குறைவு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பொங்கலுக்குக் கூடுதலாக ஒரு நாள் விட்டுவிட்டு அதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை வேலை வைப்பது இங்கே வழக்கம். அந்த ஞாயிறு அவர்களுக்கு ஆராதனை நாள். மற்றவர்களின் பண்டிகைக்கு அவர்கள் கோயிலை விட்டுக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அன்று அவர்கள் மதியத்திலிருந்து வரட்டும்.

அப்புறம் படிவம். 'விருப்ப விடுமுறை' என்று ஆளுக்கு இரண்டு நாள் கொடுக்கச் சொல்லப் போகிறேன். அதற்குப் படிவம் அடிக்கும்போது 'மதம்', 'காரணம்' என்று கட்டம் போடவே போடாதீர்கள். தேதி மட்டும் போதும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்தராக இருப்பவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. அதனால் ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிற குடும்பம் சான்றிதழில் வேறாக இருக்கலாம். பிள்ளைகளின் படிப்பு அந்தக் காகிதத்தில் இருக்கிறது. 'புனித வெள்ளி வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டுக் கேட்க ஒரு பெண் தயங்கினால் அந்தத் தயக்கத்தைத் தோண்டாதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள்.

ஏப்ரல் 14-ஐ ஐந்தில் ஒன்றாக வைக்கச் சொல்வேன். சித்திரை முதல் நாள், அதோடு அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளும் அதுதான். 2022 முதல் தமிழக அரசு அதைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. 1989-ல் பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது நம் பக்கத்துக்கு வைத்த பெயரே வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். நம் ஊர்க் குடியிருப்புகளில் அன்று காலையிலேயே நீலக் கொடி கட்டி, மாலை போட்டு, சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். ஆனால் கம்பெனி நோட்டீஸ் போர்டில் 'தமிழ்ப் புத்தாண்டு' என்று மட்டும் இருக்கும். இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஒரு வரி கூடுதலாக எழுதினோம், அவ்வளவுதான். பேக்கிங் பிரிவில் ஒரு பெரியவர் வந்து போர்டுக்கு முன்னால் நின்று அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

இனி நீங்கள் பெயர் தெரியாது என்ற நம் ஊர்த் திருவிழாக்கள். மாநிலம் முழுவதற்குமான அரசு விடுமுறைப் பட்டியலில் இருக்காது, ஆனால் உங்கள் லைன் நிற்பது இவற்றால்தான். பொங்கல் முடிந்ததும் ஊருக்கு ஊர் மாடு விடும் திருவிழா தொடங்கிவிடும். தெற்கே மாதிரி திமில் பிடிப்பது இல்லை. தெருவில் ஒவ்வொரு மாடாக விடுவார்கள், குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதுதான் பந்தயம். கட்டிங் பிரிவு இளைஞர்கள் அன்று கண்டிப்பாக வரமாட்டார்கள், ஏதாவது ஒரு பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். மாசியில் மகாசிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையன்று மயானக் கொள்ளை. வேலூரில் அங்காளம்மன் தேர் பாலாற்றங்கரைக்குப் போகும். காளி வேடம் போட்டு வருவார்கள், காய்கறியும் கொழுக்கட்டையும் சில்லறையும் சூறை விடுவார்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு, அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்து வருகிற திருவிழா. அந்தப் பக்கத்துப் பெண்கள் முந்தின நாளே கூழ் காய்ச்சப் போய்விடுவார்கள், கல்யாணம் ஆகி எங்கே இருந்தாலும் சிரசுக்குத் தாய்வீடு வந்தாக வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை, ரத்தினகிரி, திருத்தணி என்று காவடி. கார்த்திகையில் சோளிங்கர் மலை, அதே மாதம் திருவண்ணாமலை தீபம்.

இவை அத்தனைக்கும் லீவு விட முடியாது, விடவும் தேவையில்லை. மாடு விடும் நாள் ஆம்பூர் பக்கத்து ஊருக்கு ஒன்று, அணைக்கட்டு பக்கத்து ஊருக்கு இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே நாளில் வராது என்பதுதான் உங்களுக்கு வசதி. விருப்ப விடுமுறை இரண்டு நாளும் இதற்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு லைனிலும் 'உங்க ஊர்ல எப்போ திருவிழா' என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூத்த தொழிலாளி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள், பஞ்சாங்கத்தில் இல்லாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு லைனில் ஒரே நாளில் இத்தனை பேருக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வையுங்கள். அந்த வரம்புக்குள் யார் போவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். எங்கள் லைனில் ஒரு கிறிஸ்தவப் பெண் சிரசுக்குப் போகிறவளின் மிஷினைப் பார்த்துக்கொள்வாள், டிசம்பரில் இவள் அவளுடையதை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பீகார், ஒடிசாப் பையன்களுக்கு நாளைவிட முன்னறிவிப்புதான் முக்கியம். பீகார்க்காரர்களின் சத் பூஜை தீபாவளியிலிருந்து ஆறாம் நாள். ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பர்வம். காட்பாடியில் ரயில் ஏறினால் ஊர் போய்ச் சேரவே ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும், ஒரு நாள் லீவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? நீண்ட தூர ரயில்களுக்கு முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது. சத் சமயத்து டிக்கெட் திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் அவர்களுடைய விடுப்பு அனுமதி அந்த 60 நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வருடத்தில் சேர்கிற விடுப்பைச் சேர்த்து ஒரே தடவையாக எடுக்க விடுங்கள். போக முடியாமல் விடுதியிலேயே தங்கிவிடுகிறவர்களுக்குச் சமையலறையை ஒரு நாள் திறந்து கொடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. பொரி வாங்காத பெண்கள் யாரையும் அவமதிக்கவில்லை. படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. எல்லார் முன்னாலும் தட்டை நீட்டியதுதான் நாம் செய்த தப்பு. நீட்டிய தட்டுக்கு முன்னால் நிற்கிறவருக்கு வேறு வழியே இல்லை. இந்த வருடம் இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். முந்தின நாள் மதியத்துக்கு மேல் மிஷின் துடைப்பது, எண்ணெய் போடுவது, ஊசி மாற்றுவது எல்லாருக்கும் பொது வேலை, சம்பள நேரம். பூஜை அதற்குப் பிறகு தனியாக, விருப்பம் உள்ளவர்கள் நிற்கட்டும். பொரிப் பொட்டலத்தைக் கடையில் கட்டினபடியே பூஜையில் வைக்காமல் கேட்டில் வைத்து, வீட்டுக்குப் போகும்போது எல்லார் கையிலும் கொடுங்கள். படைத்த பிரசாதம் பூஜை நடந்த இடத்தில் இருக்கட்டும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் லைனில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார், வயது ஐம்பதுக்கு மேல். பொட்டு வைக்கிற நேரத்தில் தள்ளி நின்றுகொள்வார். ஆனால் முந்தின நாள் அவர் மிஷின் துடைப்பதைப் பார்க்க வேண்டும். பாபினைக் கழற்றி, பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் பல்லுக்குப் பல் தூசி எடுப்பார். தோல் தூள் கறுப்பாக விரலில் அப்பிக்கொள்ளும். துடைத்து முடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்பார். "எனக்கும் இதுதானே சார் சோறு போடுது" என்றார் ஒருமுறை. பொரி வாங்காதவர்களைப் பேசின பெண்ணை அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள், அது இன்னும் கசக்கும். இந்த வருடம் அந்த மூன்று பேரையும் ஒரே வரிசை மிஷின்களைத் துடைக்கப் போடுங்கள்.

பணத்தைப் பற்றியும் கேளுங்கள். போனஸ் தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிடுகிறோம், சந்தோஷம். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணி எடுக்கிறவர்கள் அந்தச் சமயத்தில் வட்டிக்கு வாங்குகிறார்கள். அரசு ஊழியர்களுக்கு உள்ளதுபோல, வருடத்துக்கு ஒரு பண்டிகை முன்பணம், எந்தப் பண்டிகைக்கு என்பது அவரவர் விருப்பம் என்று வைத்துவிடுங்கள். மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம். முதலாளிக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சரி, பட்டியல். பொங்கல், ஏப்ரல் 14, ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ். இவை ஐந்து. ஆயுத பூஜையை ஆறாவதாக நிர்வாகமே மனம் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், நம் தொழிலில் அது இல்லாமல் முடியாது. அதற்கு மேல் ஆளுக்கு இரண்டு விருப்ப நாள். பக்ரீத், யுகாதி, புனித வெள்ளி, சிரசு, தீபம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மூன்று நாள் கூடுதல் செலவு என்று முதலாளி சொன்னால் வருகைப் பதிவேட்டை எடுத்து வையுங்கள். போன வருடம் சொல்லாமல் நின்றவர்களின் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு திருவிழாவில் வந்து விழும். முப்பது பேர் லைனில் ஐந்து பேர் காலையில் சொல்லாமல் நின்றால் மற்ற இருபத்தைந்து பேரும் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் ஆளை மாற்றிப் போட்டு டார்கெட்டை முடித்துவிடலாம். கன்டெய்னர் கிளம்புகிற தேதியை வைத்துப் பேசுங்கள், அவருக்குப் புரியும்.

சங்கத்தையும் ஒவ்வொரு லைனிலிருந்தும் ஒரு பெண்ணையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, ஆய்வாளருக்கு அனுப்பி, டிசம்பருக்குள் ஒட்டிவிடுங்கள். தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். உருதுவில் எழுதித் தர உங்கள் தொழிலாளர்களிலேயே ஆள் இருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். கேன்டீனில் ஒன்று, கேட்டில் ஒன்று, விடுதியில் ஒன்று. பஸ் டிரைவர் கையிலும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.